டூரின்ல சாக்லேட் நடை: கைடோட போறதா, நாமளே சுத்துறதா, இல்ல ஒரே இடத்துல உக்காந்துடறதா?

போன மாசம் மட்டும் மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. இத்தாலில மிலன் வரைக்கும் வர்றோம், ஒரு நாள் டூரின் போலாம்னு இருக்கோம், அங்க சாக்லேட் டேஸ்டிங் வாக்னு ஆளுக்கு 50 யூரோ போட்டிருக்கான், புக் பண்ணலாமா இல்ல மேப்ப கையில வச்சுக்கிட்டு நாங்களே சுத்திக்கலாமான்னு. அதுல ஒருத்தங்க மூனிக்ல இருக்குற அக்கா. ரெண்டு பசங்களோட வர்றாங்க, சின்னவனுக்கு நட்ஸ் அலர்ஜி வேற.

நான் முதல் தடவ தனியா போனப்போ நானே சுத்தினேன். ரெண்டாவது தடவ சித்திய கூட்டிட்டு குரூப் வாக்ல போனேன். அப்புறம் ஒரு ஃப்ரெண்ட் குடும்பம் பிரைவேட் கைடு வச்சிருந்தாங்க, அதுல நானும் தொத்திக்கிட்டேன். அதனால எல்லாத்தையும் வச்சு சொல்றேன், ஆனா எல்லாத்துக்கும் சமமா மார்க் போடுவேன்னு எதிர்பாக்காதீங்க.

மொதல்ல, ஏன் டூரின்

சாக்லேட்னா பெல்ஜியம், ஸ்விஸ்னுதான் நமக்கு வாயில வரும். ஆனா ஹேசல்நட்டும் கோக்கோவும் சேர்ந்த அந்த ருசி, நியூட்டெல்லா பாட்டில்ல நமக்கெல்லாம் பழக்கமான ருசி, அது பிறந்த இடம் இந்தப் பக்கம்தான். நியூட்டெல்லா 1964ல வந்தது, அதுவும் டூரின்லருந்து ரொம்ப தூரம் இல்லாத ஆல்பாங்கற ஊர்லருந்து. ஆனா அதுக்கு கிட்டத்தட்ட 100 வருஷம் முன்னாடியே, 1865 கார்னிவல்ல, காஃபரெல் கம்பெனி ஜாண்டுயோட்டோங்கற மிட்டாய ஊருக்கு காட்டிடுச்சு. ஜாண்டுயாங்கறது பியட்மான்ட் (டூரின் இருக்குற மாநிலம்) கார்னிவல்ல வர்ற கோமாளி வேஷம், மூணு முனை தொப்பி வச்ச கிராமத்தான், அவன் பேருதான் மிட்டாய்க்கு. நெப்போலியன் 1806ல பிரிட்டனுக்கு எதிரா வணிகத் தடை போட்டதுல கோக்கோ விலை ஏறிப்போச்சு, அதனால பக்கத்து லாங்கே மலைல விளையுற ஹேசல்நட்ட அரைச்சு கலந்து ஒப்பேத்தினாங்க, அதுவே ருசியாகிப் போச்சுங்கறதுதான் எல்லா கைடும் சொல்ற கதை. முழுசா அப்படியே நடந்துச்சான்னு கேட்டா சரித்திரக்காரங்க கொஞ்சம் இழுப்பாங்க, ஆனா கதை நல்லாருக்கு.

மிட்டாய பத்தி ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா கடைல நின்னு பாக்கும்போது இது தெரிஞ்சா வேற மாதிரி இருக்கும். தங்கக் கலர் தாள்ல சுத்தி, கவுத்துப் போட்ட படகு மாதிரி இருக்கும். அச்சுல ஊத்துற சாக்லேட் இல்ல இது. ஹேசல்நட் எண்ணெய் இருக்கறதால மாவு கொழகொழன்னு இருக்கும், அச்சுல ஊத்தினா சுத்தமா கழண்டு வராது, அதனால பழைய முறைல தட்டு மேல நேரா பிழிஞ்சு விடுவாங்க. வாயில போட்டா கடக்குனு உடையாது. மேலண்ணத்துல வச்சு நாக்கால அழுத்தினா அப்படியே சரிஞ்சு போகும். சித்தி முதல் துண்ட போட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "ஏன்டி, முந்திரிய நெய் விட்டு வெண்ணெயா அரைச்ச மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. இத விட நல்லா எந்த கைடும் சொன்னதில்ல.

எத வச்சு முடிவு பண்றது

விலைய மட்டும் வச்சு பாத்தீங்கன்னா தப்பாயிடும். நான் பாக்குறது இதெல்லாம்:

- நாக்கு. இதுதான் முதல்ல, எல்லாரும் மறக்குறதும் இதத்தான். நாக்கு அஞ்சாறு துண்டுக்கு மேல தாங்காது. ஏழாவது துண்டுக்கு மேல எல்லாமே வெறும் இனிப்பு, கடைக்கு கடை வித்தியாசமே தெரியாது. அதனால "10 டேஸ்டிங்"னு போட்டிருக்கற டூர் "5 டேஸ்டிங்" டூர விட ரெண்டு மடங்கு நல்லதுன்னு கணக்கு போடாதீங்க.
- உண்மையான செலவு, மறைஞ்சு கிடக்கறதையும் சேத்து.
- யார் கூட வர்றாங்க. சின்னப் பசங்க, முட்டி வலி உள்ளவங்க, நட்ஸ் ஆகாதவங்க, மது தொடாதவங்க.
- எவ்ளோ நேரம் இருக்கு, நின்ன இடத்துல நிக்க முடியுமா.
- கவுன்டர்ல நின்னு தெரியாத பாஷைல வாங்குறது உங்களுக்கு ஜாலியா, கூச்சமா. இத நேர்மையா யோசிங்க, பாதி முடிவு இதுலயே வந்துரும்.

குரூப் வாக்

ஆளுக்கு 40லருந்து 70 யூரோ வரைக்கும் பாத்திருக்கேன், ரெண்டரை மூணு மணி நேரம், நாலஞ்சு கடை. பெரும்பாலும் பியாஸ்ஸா காஸ்டெல்லோ, பியாஸ்ஸா சான் கார்லோ சுத்திதான் நடக்கும் (பியாஸ்ஸான்னா சதுக்கம்). டூரின்ல தெருவோரம் மேல கூரை போட்ட தூண் நடைபாதை மொத்தமா 18 கிலோமீட்டர் கிட்ட இருக்கு, அதனால மழை வந்தாலும் நடை நிக்காது, இது ஒரு பெரிய சௌகரியம்.

நல்ல கைடு கிடைச்சா என்ன லாபம்னா சாக்லேட் இல்ல, வரிசை. எங்க கைடு டார்க்ல ஆரம்பிச்சு ஜாண்டுயாவ (ஹேசல்நட் கலந்த சாக்லேட்டுக்கும் அதே பேருதான்) கடைசிக்கு தள்ளினாங்க, கொழுப்பும் இனிப்பும் நாக்குல படிஞ்சிட்டா அப்புறம் டார்க் வெறும் கசப்பாதான் தெரியும்னு. நான் முதல் தடவ தனியா போனப்போ அப்படியே உல்டாவா பண்ணியிருந்தேன், அதான் டார்க்கெல்லாம் பிடிக்கலன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். அதே மாதிரி நடுவுல தண்ணி குடிக்கச் சொன்னாங்க. ஊரெல்லாம் பச்சை கலர்ல காளை தலை வச்ச குழாய் இருக்கும், டோரெட்னு பேரு, தண்ணி ஃப்ரீ, நல்ல தண்ணி. ஆனா நேரா குடிச்சா ஜில்லுனு நாக்கு மரத்துடும், பாட்டில்ல பிடிச்சு கொஞ்சம் வச்சிருந்து குடிங்கன்னாங்க. இந்த மாதிரி சின்ன விஷயத்துக்குதான் கைடு காசு.

இப்ப கெட்டதும் சொல்லணும். நாங்க போன வாக் "இங்கிலீஷ்"னுதான் போட்டிருந்துது, போய் பாத்தா 14 பேர்ல ஒம்பது பேர் இத்தாலிக்காரங்க, கைடு ஒவ்வொரு கதையயும் ரெண்டு தடவ சொல்லணும், மூணு மணி நேரத்துல ஒன்றரை மணி நேரம் நாங்க தூண பாத்துக்கிட்டு நின்னோம். நாலாவது கடை அன்னைக்கு லீவு, அதுக்குப் பதிலா பக்கத்துல ஒரு கடைல ஆளுக்கு ஒரே ஒரு துண்டு. சித்தி உக்கார இடம் தேடித் தேடியே ஓஞ்சு போயிட்டாங்க. கேன்சல் பண்ணலாம்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணுமாம். அதனால புக் பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் எழுதிக் கேளுங்க: அதிகபட்சம் எத்தன பேர், ஒரே பாஷையா, உக்காந்து குடிக்கற நிறுத்தம் ஒண்ணாவது இருக்கா. எட்டு பேருக்குள்ளன்னா சந்தோஷமா போங்க. 12க்கு மேலன்னா நான் போக மாட்டேன்.

மறைஞ்ச செலவு: பிச்செரின் (காப்பி, சாக்லேட், க்ரீம் சேந்த இந்த ஊர் பானம்) சேந்திருக்கா இல்லையான்னு பாக்கணும். பல டூர்ல "டேஸ்டிங்"னா மிட்டாய் மட்டும்தான், பானம் உங்க காசு. "ஃப்ரீ டூர்"னு வர்றதுல கடைசில டிப்ஸ் குடுக்கணும், சாப்பிடறது தனி, எல்லாம் கூட்டினா காசு குடுத்து போற டூர் விலை கிட்டக்கவே வந்து நிக்கும்.

தனியா வர்றவங்க, ஊருக்கு முதல் தடவ வர்றவங்க, அரை நாள்தான் இருக்குன்னு சொல்றவங்க, இவங்களுக்கு சின்ன குரூப் வாக் நல்ல முடிவு.

நாமளே சுத்துறது

எனக்கு பிடிச்சது இதுதான், மறைக்கல. போர்ட்டா நுவோவா ஸ்டேஷன்ல இறங்கினா கடைசி கடை வரைக்கும் மொத்தமே ரெண்டு கிலோமீட்டர் சுமாருக்குதான், நடக்கறது பெரிய விஷயமே இல்ல.

நான் போற வழி இது. ஸ்டேஷன்லருந்து நேரா பியாஸ்ஸா சான் கார்லோ, அங்க 1836லருந்து இருக்குற ஸ்ட்ராட்டா கடை ஜன்னல பாத்தாலே நகைக்கடை மாதிரி இருக்கும். அங்கருந்து வியா லக்ராஞ்ச் தெரு பக்கம் குய்டோ கோபினோ கடை, இவர் ஜாண்டுயோட்டோவ குட்டியா பண்ணி டூரினோனு பேர் வச்சவர், கொஞ்சம் கொஞ்சமா பல வகை பாக்கணும்னா அந்த சைஸ்தான் வசதி. பக்கத்துலயே பியாஸ்ஸா கரிஞ்ஞானோல பெப்பினோ, குச்சில ஐஸ்க்ரீம சாக்லேட்ல முக்கின பிங்குயினோ 1939லருந்து அங்க விக்குது, பசங்க இருந்தா அங்கதான் நிப்பாங்க. அப்புறம் பியாஸ்ஸா காஸ்டெல்லோ ஓரத்துல கண்ணாடிக் கூரை போட்ட கல்லேரியா சுபால்பினாக்குள்ள பராட்டி & மிலானோ. கடைசியா பியாஸ்ஸா தெல்லா கொன்சோலாத்தால கோயிலுக்கு எதுத்தாப்ல அல் பிச்செரின், 1763லருந்து நடக்குது.

அங்க கடைசியா போகச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. பிச்செரின்னா பியட்மான்ட் பாஷைல சின்ன கண்ணாடி டம்ளர்னு அர்த்தம், கீழ காப்பியும் சூடான சாக்லேட்டும், மேல வெள்ளையா க்ரீம். கெட்டியா இருக்கும், வயிறு ரொம்பிடும். முதல்லயே குடிச்சிட்டா அன்னைக்கு வேற எதுவும் இறங்காது. கலக்காம குடிக்கணும், ஜில்லுன்னு இருக்குற க்ரீம் வழியா சூடான கசப்பு வர்றதுதான் விஷயமே. சித்தி பழக்க தோஷத்துல ஸ்பூன போட்டு நல்லா ஒரு ஆத்து ஆத்திட்டாங்க, கொண்டு வந்து வச்சவங்க மூஞ்சிய பாக்கணுமே, நம்ம ஊர்ல ஃபில்டர் காப்பில ஐஸ் போட்டா மாமி பாக்குற பார்வை. கடை ரொம்ப சின்னது, வட்ட மார்பிள் மேஜை கைவிரல்ல எண்ணிடலாம், சனி ஞாயிறு மத்தியானம் வெளிய வரிசை நிக்கும். காலைல சீக்கிரமோ வார நாள்லயோ போங்க.

இப்ப காசு. எத்தோன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும், 100 கிராம்னு அர்த்தம். கடைல விலை அட்டை பெரும்பாலும் எத்தோ கணக்குலதான் இருக்கும், அத கிலோ விலைன்னோ பாக்கெட் விலைன்னோ நெனச்சு அள்ளிட்டீங்கன்னா பில்லு பாத்து மயக்கம் வரும். நான் அள்ளியிருக்கேன். "மெட்ஸ்ஸோ எத்தோ"ன்னா 50 கிராம், ரெண்டு மூணு வகை கலந்து கேட்டா குடுப்பாங்க, யாரும் முறைக்க மாட்டாங்க. நாலு கடைல அப்படி வாங்கி, ஒரு பிச்செரினும் குடிச்சு, எனக்கு 30 யூரோக்குள்ள முடிஞ்சுது, கையில மிச்சமும் இருந்துது.

மறைஞ்ச செலவு இங்க என்னன்னா உக்கார்றது. இத்தாலில கவுன்டர்ல நின்னு குடிச்சா ஒரு விலை, மேஜைல உக்காந்தா வேற விலை. பழைய பெரிய கஃபேல இந்த வித்தியாசம் நல்லாவே உறைக்கும். நிறைய இடத்துல மொதல்ல கல்லால காசு கட்டி ரசீது வாங்கிட்டுதான் கவுன்டருக்கு போகணும், அது தெரியாம நான் பத்து நிமிஷம் கவுன்டர்ல ஈ ஓட்டிட்டு நின்னேன். இன்னொரு செலவு நேரம். லீவு நாள் கடைக்கு கடை மாறும், ஆகஸ்ட் நடுவுல பாதி ஊரே ஷட்டர் இறக்கிட்டு கடலுக்கு போயிடும், இதெல்லாம் நீங்களே முன்கூட்டி பாத்து வைக்கணும்.

ரெண்டு பேரா போறவங்க, முழு நாள் இருக்கறவங்க, கடைக்காரர்கிட்ட கை காட்டி வாங்குறதுல கூச்சம் இல்லாதவங்க, நேரா இதுக்கு வாங்க. கதை எல்லாம் ராத்திரியே படிச்சுக்கலாம்.

பிரைவேட் கைடு

அரை நாளுக்கு 150லருந்து 250 யூரோ சுமாருக்கு வரும், டேஸ்டிங் பெரும்பாலும் தனி. ரெண்டு பேருக்கு அநியாயம். ஆறு பேருன்னா குரூப் வாக் விலைக்கே வந்துரும், அப்போ யோசிக்கவே வேணாம். முட்டி வலி உள்ள பெரியவங்க, பாத்ரூம் பாத்ரூம்னு கேக்குற பசங்க இருந்தா நின்னு நின்னு போலாம், உக்காரலாம், பிடிக்காத கடைய தாண்டிடலாம்.

மது பிரச்சனைக்கும் இதுதான் வசதி. இந்த ஊர் மிட்டாய்ல ரம், கிராப்பா உள்ள வச்சது நிறைய. பக்கத்து கூனேயோ ஊர்ல குனேஸிங்கற மிட்டாய்க்குள்ள முழுக்கவே ரம் க்ரீம்தான், மேல பாத்தா சாதா சாக்லேட் மாதிரியே இருக்கும். சித்தி ஒண்ண கடிச்சுட்டு "என்னடி இது தலைவலி மருந்து மாதிரி இருக்கு"ன்னு பாதிய டிஷ்யூல வச்சாங்க. குரூப்ல கைடு 14 பேர்கிட்டயும் கேட்டுட்டு இருக்க மாட்டாங்க, தட்டுல வச்சுட்டு போயிடுவாங்க.

ஒரே இடத்துல உக்காந்து பாக்குறது

ஸ்டேஷன் பக்கத்துலயே வியா சாக்கில ஃபாடிஷ்னு பழைய சாக்லேட் கடை, 1915லருந்து இருக்கு. அந்தக் கட்டடத்துல 2024ல சோக்கோ ஸ்டோரிங்கற சாக்லேட் மியூசியம் திறந்தாங்க, பழைய மெஷினெல்லாம் அங்கயே இருக்கு. மழை, வெயில், நடக்க முடியாத ஆள், ஸ்கூல் போற பசங்க, இவங்களுக்கு நல்லாருக்கும். ஆனா ஊர பாத்த மாதிரி இருக்காது. டூரின் அழகே அந்த தூண் வரிசைலயும் சதுக்கத்துலயும்தான் இருக்கு, மியூசியம் மட்டும் பாத்துட்டு ட்ரெய்ன் ஏறுறது கல்யாணத்துக்கு போய் மொய் எழுதிட்டு சாப்பிடாம வர்ற மாதிரி. இத தனியா ஒரு முடிவா எடுக்காம, நாமளே சுத்துறதோட சேத்துக்குங்க.

அவசரக்காரங்களுக்கு ஒரு அட்டவணை:

| | குரூப் வாக் | நாமளே | பிரைவேட் | மியூசியம் |
|---|---|---|---|---|
| ரெண்டு பேர் செலவு | நடுத்தரம் | கம்மி | ரொம்ப அதிகம் | கம்மி |
| ஆறு பேர் செலவு | அதிகம் | கம்மி | அதிகம் | கம்மி |
| கதை, விளக்கம் | கைடப் பொறுத்து | நீங்க படிச்ச அளவு | நல்லா கிடைக்கும் | எழுதி வச்சிருக்கும் |
| உக்கார வசதி | கேட்டுக்கணும் | காசு குடுத்தா உண்டு | உண்டு | உண்டு |
| நாக்குக்கு இடைவெளி | இல்ல | நம்ம இஷ்டம் | நம்ம இஷ்டம் | பிரச்சனை இல்ல |
| மது, நட்ஸ் கவனிப்பு | சந்தேகம் | நாமளே கேக்கணும் | சொல்லி வைக்கலாம் | நாமளே கேக்கணும் |

எதுல போனாலும் வர்ற செலவு

மிலன்லருந்து ஃபாஸ்ட் ட்ரெய்ன் ஒரு மணி நேரம்தான், ஆனா கடைசி நிமிஷத்துல டிக்கெட் போட்டா விலை எகிறிடும். சாதா ரீஜியனல் ட்ரெய்ன் ரெண்டு மணி நேரம் சுமார் ஆகும், விலை எப்பவும் ஒண்ணுதான். குரூப் வாக் காலைல பத்து மணிக்குன்னா ஃபாஸ்ட் ட்ரெய்ன்தான் எடுத்தாகணும், அந்தக் காச வாக் விலைல சேத்து பாருங்க, அப்போ 50 யூரோ 50 யூரோவா இருக்காது.

அப்புறம் வாங்கிட்டு வர்றது. பாட்டில்ல வர்ற ஜாண்டுயா க்ரீம் ஏர்போர்ட் செக்யூரிட்டி கணக்குல திரவம், 100 மில்லிக்கு மேல இருந்தா பல ஏர்போர்ட்ல இன்னும் கைப்பைல விடமாட்டாங்க. எனக்கு ரெண்டு பாட்டில் போச்சு, ஒண்ணு திறக்கவே இல்ல. செக்-இன் பெட்டில வைங்க. மிட்டாய் கைப்பைல வரலாம், ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு ஜாண்டுயோட்டோ தாங்காது. சென்னை ஏர்போர்ட் வாசல்ல கேபுக்கு நின்ன கால் மணி நேரத்துலயே என் படகெல்லாம் தரை தட்டிடுச்சு. ஃப்ரிட்ஜ்ல வச்சு கெட்டியாக்கி சாப்பிட்டோம், ருசி இருந்துது, ஆனா தாள் உரிக்கவே வரல. ஊருக்கு கொண்டு போறதுக்குன்னா டார்க் பாரா வாங்குங்க, மார்கழி தை மாசத்துல வந்தா ஜாண்டுயோட்டோவும் பரவால்ல.

மூனிக் அக்காவுக்கு

அக்கா, உங்களுக்கு மட்டும் தனியா. இந்த ஊர் சாக்லேட் நடை எதுவுமே சின்னவனுக்கு வேணாம், குரூப்பும் வேணாம் பிரைவேட்டும் வேணாம். இங்க ஹேசல்நட் ஒரு ஐட்டம் இல்ல, அது காத்துல இருக்கு. நட்ஸ் இல்லாத டார்க் பார்னு குடுத்தாலும் அதே மெஷின், அதே கத்தி, அதே தட்டு. பெருஜியா போலாமான்னு கேட்டீங்க, அங்கயும் பேரு போன பாச்சி மிட்டாய்க்குள்ள முழு ஹேசல்நட்தான் உக்காந்திருக்கு. சிசிலி போற ப்ளான் எப்பவாவது வந்தா மோடிகா பாருங்க. அங்க கோக்கோவயும் சர்க்கரையயும் அதிக சூடு பண்ணாம சேக்கறதால சர்க்கரை கரையாது, பல்லுல நறநறன்னு இருக்கும், அடிப்படைல ஹேசல்நட் கிடையாது. ஆனா அங்கயும் பிஸ்தா, பாதாம் போட்டது பக்கத்துலயே இருக்கும், லேபிள படிக்காம ஒண்ணும் வாயில வைக்க விடாதீங்க, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

டூரின்ல அத்தானும் சின்னவனும் மோலே அன்டொனெல்லியானாங்கற கோபுரக் கட்டடத்துக்குள்ள இருக்குற சினிமா மியூசியத்துக்கு போகட்டும், நடுவுல கண்ணாடி லிஃப்ட் ஒண்ணு ஊர பாக்குற மேல் மாடத்துக்கு போகும், அவன் அதுலருந்து இறங்கவே மாட்டான். நீங்களும் பெரியவளும் அந்த ரெண்டு மணி நேரத்துல நான் சொன்ன வழில நடந்துட்டு வாங்க. திரும்பி வந்து சின்னவன தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கையயும் வாயயும் சோப்பு போட்டு கழுவிடுங்க.